5 மணி நேரக் களப்பணியும் 400 ஏக்கர் காடும்: ஹைதராபாத் பல்கலைக்கழக மாணவர்கள் குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

பல்கலைக்கழக மாணவர்களிடம் சுற்றுச்சூழல் பற்றிக் கேள்வித்தாள் கொடுத்தால் என்ன பதில் வரும் என்பது கொடுப்பதற்கு முன்பே ஏறக்குறையத் தெரிந்துவிடும். மனிதர்கள் இயற்கையைக் கடுமையாகச் சீரழிக்கிறார்களா? ஆம். செடிகொடிகளுக்கும் விலங்குகளுக்கும் நமக்கு இருக்கும் அளவுக்கு வாழும் உரிமை உண்டா? ஆமாம், ஆமாம். அமெரிக்கச் சமூகவியலாளர்கள் ரைலி டன்லப்பும் கென்ட் வான் லியரும் 1978-இல் உருவாக்கி, 2000-இல் 15 வாக்கியங்களாகத் திருத்தப்பட்ட அளவுகோல் ஒன்று இருக்கிறது. மேலே உள்ளவை அதில் வரும் கருத்துகள்தான். உலகம் முழுக்க அதை மாணவர்களிடம் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். ஆய்வேடு எழுதுகிறவருக்கு மாணவர்களைவிட எளிதாகச் சிக்குகிறவர்கள் வேறு யார்?

அந்த 'ஆம்' எவ்வளவு பாரம் தாங்கும் என்பதுதான் சிக்கல். ஆண்ட்ரியாஸ் டீக்மான், பீட்டர் ப்ரைசென்டோர்ஃபர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஜெர்மனியின் மியூனிக்கிலும் சுவிட்சர்லாந்தின் பெர்னிலும் மக்களிடம் விசாரித்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். அதிகச் செலவோ சிரமமோ இல்லாத காரியங்களில்தான் சுற்றுச்சூழல் அக்கறை நடத்தையாக மாறுகிறது என்றார்கள். குப்பையைப் பிரித்துப் போடச் சொன்னால் போடுவார்கள். காரை விட்டுவிட்டு வரச் சொன்னால் அக்கறை மெல்லக் கழன்றுகொள்ளும். மாணவர்களுக்கும் இது பொருந்தும் என்று நினைக்க நிறையவே காரணம் இருக்கிறது. மரக்கன்றைக் கையில் பிடித்துப் படம் எடுத்துக்கொள்ள யாருக்கும் எந்தச் செலவும் இல்லை.

2025 கோடையின் தொடக்கத்தில் ஹைதராபாத்தில் நடந்தது இந்தக் கணக்கில் அடங்கவில்லை. அங்கே ஒரு மத்தியப் பல்கலைக்கழகத்தின் மாணவர்கள் வகுப்புகளைப் புறக்கணித்தார்கள். தடியடிக்கும் வழக்குக்கும் அஞ்சாமல் ஒரு புதர்க்காட்டுக்காக நின்றார்கள். ஏன் நின்றார்கள்? 'இளைய தலைமுறையிடம் விழிப்புணர்வு வளர்ந்துவிட்டது' என்று ஒரு விளக்கம் எப்போதும் தயாராக இருக்கும். எனக்கு அது போதவில்லை. விழிப்புணர்வு எல்லாக் கல்லூரியிலும்தான் இருக்கிறது.

எழுதிக் கொடுக்காத நிலம்

ஹைதராபாத் பல்கலைக்கழகம் உருவானதே கிளர்ச்சியின் விளைவாகத்தான். 1969-இல் தனித் தெலங்கானாப் போராட்டம், 1972-இல் தனி ஆந்திரம் கேட்ட ஜெய் ஆந்திரா போராட்டம். இரண்டையும் தணிக்க 1973-இல் ஆறு அம்சத் திட்டம் வந்தது. ஹைதராபாத்தில் ஒரு மத்தியப் பல்கலைக்கழகம் என்பது அதில் ஒரு அம்சம். அதற்கென்றே அரசியலமைப்பில் 371-ஈ பிரிவைச் சேர்த்தார்கள். 1974-இல் பல்கலைக்கழகம் தொடங்கியது. ஆரம்ப காலத்தில் நகருக்குள், சரோஜினி நாயுடு குடும்பத்தின் பழைய வீட்டில் இயங்கியது. பிறகு ஊருக்கு வெளியே கச்சிபௌலியில் 2,300 ஏக்கருக்கு மேல் ஒதுக்கினார்கள். பாறையும் முட்புதருமான இடம். அந்தக் காலத்தில் அதைக் கேட்டு யாரும் வரிசையில் நிற்கவில்லை.

ஒதுக்கினார்களே தவிர, முறையாக எழுதிக் கொடுக்கவில்லை. நிலம் பல்கலைக்கழகத்தின் பெயருக்கு மாறியதாக உறுதியான பத்திரம் இல்லை. அரசாங்கத்துக்கும் அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கும் நடுவே பத்திரம் எதற்கு என்று விட்டுவிட்டார்களோ என்னவோ. 1990-களின் கடைசியில் பக்கத்திலேயே ஹைடெக் சிட்டி எழும்பியது. அப்புறம் அந்தப் பாறைகளின் விலை யாரும் கனவிலும் நினைக்காத இடத்துக்குப் போனது. வளாகத்தின் ஓரங்கள் ஒவ்வொன்றாகக் கை மாறின. விளையாட்டரங்கத்துக்குக் கொஞ்சம், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்கு 200 ஏக்கருக்கு மேல், இப்படி.

நாம் பேசும் 400 ஏக்கர், கஞ்ச கச்சிபௌலி கிராமத்தின் சர்வே எண் 25-இல் இருக்கிறது. ஒருங்கிணைந்த ஆந்திரத்தில் சந்திரபாபு நாயுடு முதலமைச்சராக இருந்த 2003-இல், விளையாட்டு வசதிகள் கட்டுவதற்கென்று ஐஎம்ஜி பாரதா என்ற நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு நிலத்தைக் கொடுத்தார்கள். அடுத்து வந்த ராஜசேகர ரெட்டி அரசு 2006-இல் அதை ரத்து செய்தது. நிறுவனம் நீதிமன்றம் போனது. வழக்கு நடந்த காலம் முழுக்க நிலத்தை யாரும் தொடவில்லை. காடு அதுபாட்டுக்கு அடர்ந்தது. இந்தியாவில் பல இடங்களில் காட்டுக்குக் கிடைக்கும் நல்ல காவலாளி நிலுவையில் கிடக்கும் வழக்குதான். 2024 மார்ச்சில் தெலங்கானா உயர் நீதிமன்றம் ரத்து செய்தது சரியே என்றது. சில வாரங்களில் உச்ச நீதிமன்றமும் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. நிலம் மாநில அரசிடம் திரும்பி வந்தது.

ரேவந்த் ரெட்டியின் காங்கிரஸ் அரசு அதே ஆண்டு அதைத் தெலங்கானா தொழில் உள்கட்டமைப்புக் கழகத்திடம் ஒப்படைத்தது. ஐ.டி. பூங்கா வரும், 50,000 கோடி ரூபாய் முதலீடு வரும், 5 லட்சம் பேருக்கு வேலை கிடைக்கும் என்று சொன்னது.

அரசின் வாதம் எளிமையானது. நிலம் எங்களுடையது, நீதிமன்றமே சொல்லிவிட்டது. வருவாய்ப் பதிவேட்டில் இது காடு என்று எங்கும் இல்லை. 400 ஏக்கருக்குப் பதிலாக 2004-லேயே கோபன்பல்லியில் பல்கலைக்கழகத்துக்கு வேறு நிலம் கொடுத்தாயிற்று. 2024 ஜூலையில் பல்கலைக்கழக அதிகாரிகள் முன்னிலையிலேயே எல்லை அளந்தோம். கடைசியில் சொன்னதைப் பல்கலைக்கழகப் பதிவாளர் வெளிப்படையாக மறுத்தார். மற்றவற்றில் அரசின் கை வலுவாகத்தான் இருந்தது. இதை ஒத்துக்கொள்ளாமல் இந்த நிகழ்வைப் புரிந்துகொள்ள முடியாது. 'எங்கள் நிலம்' என்ற முழக்கத்துக்கு ஆவணப் பலம் குறைவு.

விடுமுறை நாட்கள்

2025 மார்ச் 30, ஞாயிறு, அன்று யுகாதி. மறுநாள் ரம்ஜான். நீதிமன்றமும் அலுவலகமும் மூடியிருக்கும் நாட்களாகப் பார்த்து, போலீஸ் காவலோடு புல்டோசர்கள் உள்ளே இறங்கின. தடுக்கப் போன மாணவர்களில் ஐம்பதுக்கும் மேற்பட்டோரைப் பிடித்து வண்டியில் ஏற்றினார்கள். இருவரைக் கைது செய்து சிறைக்கு அனுப்பினார்கள்.

வேலை இரவிலும் நிற்கவில்லை. வெளிச்சத்தைப் போட்டுக்கொண்டு மரங்களைச் சாய்த்தார்கள். விடுதிகளிலிருந்தும் மாடிகளிலிருந்தும் எடுத்த வீடியோக்களில் இயந்திர இரைச்சலுக்கு நடுவே மயில்கள் அகவுவது கேட்டது. நாடு முழுக்க இந்த விஷயம் பரவியதற்கு எந்தத் துண்டறிக்கையையும்விட அந்தச் சத்தம்தான் முக்கியமான காரணம்.

மாணவர் சங்கம் காலவரையற்ற வகுப்புப் புறக்கணிப்பை அறிவித்தது. போலீஸ் வெளியேற வேண்டும், இயந்திரங்கள் வெளியேற வேண்டும், நிலத்தைப் பல்கலைக்கழகத்தின் பெயரில் பதிவு செய்து தர வேண்டும் என்று கேட்டார்கள். ஏப்ரல் 2-ஆம் தேதி மாணவர்கள் மீது தடியடி நடந்தது. அன்றே உயர் நீதிமன்றம், தனக்கு முன் இருந்த பொதுநல மனுக்களின் பேரில், மரம் வெட்டுவதை நிறுத்தி வைக்கச் சொன்னது. ஏப்ரல் 3-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கைக் கையில் எடுத்தது. நீதிபதிகள் பி.ஆர். கவாயும் ஏ.ஜி. மாசிஹும் உயர் நீதிமன்றப் பதிவாளரை உடனே இடத்துக்குப் போய்ப் பார்த்து அன்று பிற்பகலுக்குள் அறிக்கை தரச் சொன்னார்கள். சுமார் 100 ஏக்கர் மொட்டையடிக்கப்பட்டிருக்கிறது, பெரிய இயந்திரங்கள் நிற்கின்றன, மயில்களும் மான்களும் அங்கே தெரிந்தன என்று அறிக்கை வந்தது. இருக்கிற மரங்களைக் காப்பதைத் தவிர வேறு எந்த வேலையும் அங்கே நடக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார்கள்.

அடுத்த நாள், காட்டை விட்டு வெளியே வந்த புள்ளிமான் ஒன்று தெருநாய்கள் கடித்துச் செத்தது.

தெரிந்த காடு

இனி என் கேள்விக்கு வருகிறேன். இந்தியாவில் பட்டப்படிப்பு படிக்கும் ஏறக்குறைய ஒவ்வொருவரும் சுற்றுச்சூழல் கல்வி என்ற தாளை எழுதியிருப்பார்கள். எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991-இல் உச்ச நீதிமன்றம் இதற்கு விதை போட்டது. பல்கலைக்கழக மானியக் குழு இளநிலைப் படிப்பு எல்லாவற்றுக்கும் ஆறு மாதப் பொதுப் பாடத்திட்டம் ஒன்றைத் தயாரித்து, 2004-05 கல்வியாண்டு வாக்கில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. நம் ஊர்க் கல்லூரிகளில் அதை ஈவிஎஸ் பேப்பர் என்பார்கள். படிக்காமலே பாஸ் ஆகிவிடலாம் என்று அதற்கு ஒரு பெயர் உண்டு.

அந்தப் பாடத்திட்டத்தை எடுத்து வாசித்தால் ஓர் ஆச்சரியம். மொத்தம் 50 மணி நேரம். கடைசி அலகு களப்பணி. அதற்கு 5 மணி நேரம், 100-இல் 25 மதிப்பெண். பக்கத்தில் உள்ள ஆறு, காடு, புல்வெளி, மலை என எதையாவது நேரில் பார்த்துப் பதிவு செய். சாதாரணச் செடி, பூச்சி, பறவைகளைப் படி என்று சொல்கிறது. எழுதியவர்களுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. நடைமுறையில் அந்த 5 மணி நேரம் என்ன ஆகிறது என்பது படித்தவர்களுக்கும் நடத்துகிறவர்களுக்கும் தெரியும். சீனியரின் ரெக்கார்டு நோட்டு கை மாறும். போகாத ஆற்றைப் பற்றி நாலு பக்கம், ஒட்டி வைத்த இலை இரண்டு. சரி, மதிப்பெண் வந்துவிடும். ஓசோன் படலத்தில் ஓட்டை எப்படி விழுகிறது என்று எழுதத் தெரிந்த மாணவருக்கு, தன் வகுப்பறை ஜன்னலில் வந்து உட்காரும் குருவியின் பெயர் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் படிப்பவர்களில் பெரும்பாலானோர் முதுநிலை, ஆய்வு மாணவர்கள். ஈவிஎஸ் பேப்பரை வேறு ஏதோ ஊரில், வேறு ஏதோ கல்லூரியில் முடித்துவிட்டு வந்தவர்கள். அவர்களுடைய காட்டு அறிவு அந்தத் தாளிலிருந்து வந்திருக்க வாய்ப்பு குறைவு. வளாகமே கற்றுக்கொடுத்தது. சுமார் 250 கோடி ஆண்டு வயதுள்ள தக்காணத்துக் கருங்கல் அங்கே குவியல் குவியலாக நிற்கிறது. காளான் வடிவத்தில் நிற்கும் ஒரு பாறைக்கு மஷ்ரூம் ராக் என்று பெயர் வைத்து, மாலையில் அதன் மேல் ஏறி உட்கார்ந்து பேசுவது தலைமுறை தலைமுறையாக அங்கே வழக்கம். பஃபலோ லேக், பீக்காக் லேக் என்று இரண்டு ஏரிகள். விடுதியிலிருந்து சைக்கிளில் போய்விடலாம். போகிற வழியில் புள்ளிமான் குறுக்கே ஓடும்.

அதோடு, அந்த வளாகத்தில் பட்டியல் போடும் பழக்கம் இருந்தது. பறவை பார்ப்பவர்கள், கேமரா வைத்திருப்பவர்கள், தாவரவியல் ஆட்கள் என்று பல கைகள் பல ஆண்டுகளாக எழுதி வைத்திருந்தார்கள். 700-க்கும் மேற்பட்ட பூக்கும் தாவரங்கள், 220-க்கும் மேற்பட்ட பறவை இனங்கள். நட்சத்திர ஆமை, மலைப்பாம்பு, உடும்பு, காட்டுப்பன்றி. ஹைதராபாத் பெயரையே தாங்கிய முரிசியா ஹைதராபாதென்சிஸ் என்ற சிலந்தி. பறவைக் குறிப்புகள் ஈபேர்ட் தளத்தில் எவரும் பார்க்கும்படி ஏறிக்கிடந்தன. மயிலும் நட்சத்திர ஆமையும் மலைப்பாம்பும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ளவை. இந்தப் பட்டியல்கள் வழக்குக்காக ஒரே ராத்திரியில் தயாரானவை அல்ல. யாரோ பொழுதுபோக்குக்காகச் செய்தது, புல்டோசர் வந்த அன்று சாட்சியமாக மாறியது.

தெலங்கானா சட்டமன்றத்தில் முதலமைச்சர், அங்கே புலியும் இல்லை, மானும் இல்லை, வளர்ச்சியைக் கெடுக்கும் குள்ளநரிகள்தான் இருக்கின்றன என்ற பொருளில் பேசினார். வேறு எந்தப் புறம்போக்கு நிலத்தைப் பற்றிப் பேசியிருந்தாலும் அந்தப் பேச்சு எடுபட்டிருக்கும். இங்கே ஒவ்வொரு மாணவரின் செல்போனிலும் அந்த மான் இருந்தது.

டீக்மான் குழுவினரின் செலவுக் கணக்கு இங்கே ஏன் பொய்த்தது என்பதற்கு எனக்குத் தோன்றும் விளக்கம் இது. அந்தக் கணக்கு பொதுவான அக்கறையை எடைபோடுகிறது. 'இயற்கை' என்ற பெரிய சொல்லுக்காக ஒருவர் என்ன இழப்பார் என்று கேட்டால் அதிகம் இழக்க மாட்டார்தான். அன்றாடம் நடந்து போகும் ஒற்றையடிப் பாதைக்காகவும் அதன் முடிவில் இருக்கும் குட்டைக்காகவும் கேட்டால் விடை மாறிவிடுகிறது. 15 வாக்கிய அளவுகோலில் அந்தக் குட்டைக்கு இடம் இல்லை.

தாம்பரம் கிறித்தவக் கல்லூரியிலோ கிண்டி ஐஐடியிலோ படித்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். இரண்டும் புதர்க்காட்டுக்குள் உட்கார்ந்திருக்கும் வளாகங்கள். அங்கே படித்தவர்கள் ஆசிரியர்களை மறந்தாலும் மானை மறப்பதில்லை.

காடு மட்டும் போதுமா

போதாது. இரண்டாவது காரணம் ஒன்று உண்டு. சுற்றுச்சூழல் பற்றி எழுதுபவர்கள் அதைப் பெரும்பாலும் தொடுவதில்லை. ஹைதராபாத் பல்கலைக்கழகம் போராடத் தெரிந்த வளாகம். 2016 ஜனவரி 17-ஆம் தேதி ஆய்வு மாணவர் ரோஹித் வெமுலா உயிரை மாய்த்துக்கொண்ட பிறகு நடந்த போராட்டம் நாட்டையே உலுக்கியது. அதற்கு முன், அவரும் அவருடைய நண்பர்களும் விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டு, வளாகக் கடைகளுக்கு அருகே 'வெளிவாடா' (ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்டவர்களின் குடியிருப்பு) என்று பெயரிட்ட கூடாரத்தில் தங்கியிருந்தார்கள். அம்பேத்கர் மாணவர் சங்கம், இடதுசாரி மாணவர் அமைப்புகள், ஏபிவிபி என்று எல்லாத் தரப்பும் அங்கே பலமாக இருக்கின்றன. ஆண்டு முழுக்க ஒருவரோடு ஒருவர் மோதிக்கொள்பவர்கள். 400 ஏக்கர் விஷயத்தில் ஒரே மேடையில் நிற்கவில்லை என்றாலும் எல்லோரும் எதிர்த்தார்கள்.

போராடத் தெரிவது என்றால் கோஷம் போடத் தெரிவது மட்டும் இல்லை. யாரைப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்று பட்டியல் எடுக்க ஆள் வேண்டும். எந்தக் காவல் நிலையம் என்று கண்டுபிடிக்க வேண்டும். வழக்கறிஞரைக் கூப்பிட வேண்டும், பத்திரிகைக்குத் தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் அறிக்கை எழுத வேண்டும், இரவு முழுக்கக் கேட்டில் உட்கார்ந்திருப்பவர்களுக்குச் சாப்பாடு போக வேண்டும். இதெல்லாம் சாதி ஒடுக்குமுறைக்கும் கட்டண உயர்வுக்கும் எதிராக நின்று பழகியவர்களின் கைவேலை. அந்தக் கைகள்தான் மானுக்கும் உதவின. ஒரு பிரச்சினைக்குப் பழகிய அமைப்பு இன்னொன்றுக்குப் பயன்பட்டது. சுற்றுச்சூழல் மன்றம் என்ற பெயரில் ஆண்டுக்கு ஒருமுறை ஜூன் 5-ஆம் தேதி மரம் நடும் குழுவிடம் இதை எதிர்பார்க்க முடியாது. வளாகத்தில் அரசியல் கூடாது, சுற்றுச்சூழல் விழிப்புணர்வு மட்டும் வேண்டும் என்று கேட்கும் நிர்வாகங்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

மூன்றாவது, சொந்தம். முதல் நாட்களின் முழக்கங்களில் காட்டைவிடப் பல்கலைக்கழக நிலம் என்பதுதான் தூக்கலாகக் கேட்டது. பல்கலைக்கழகத்தின் சொத்தை மாநில அரசு விழுங்குகிறது என்ற கோபம் அது. சுத்தமான சூழலியல் உணர்வு என்று இதைச் சொல்ல முடியாது. எதிர்க்கட்சிகளும் உள்ளே வந்தன. ஆட்சியில் இருந்தபோது நிலங்களை ஏலம் விட்ட பாரத ராஷ்டிர சமிதிக்கும், வேறு மாநிலங்களில் காடுகளைச் சுரங்கத்துக்குத் திறந்துவிடும் பாஜகவுக்கும் மயில்கள் மேல் திடீரென்று பாசம் பொங்கியது. திரைத்துறையினரும் பதிவு போட்டார்கள்.

இதை வைத்து, மாணவர்களுக்கு உண்மையில் சுற்றுச்சூழல் அக்கறை கிடையாது, அரசியல்தான் என்று சிலர் எழுதினார்கள். இது எனக்கு விசித்திரமான தராசாகத் தோன்றுகிறது. தன் ஊர் ஏரிக்காகப் போராடும் விவசாயியிடம், உனக்குப் பாசன வசதி போய்விடும் என்ற சுயநலம்தானே என்று யாராவது கேட்பார்களா? மாணவர்களின் நோக்கம் கலப்படமானதுதான். வளாகப் பெருமை, போலீஸ் மேல் கோபம், ஆளும் கட்சி மேல் ஏமாற்றம், மயில், மாலை நேர நடை எல்லாம் சேர்ந்ததுதான் அது. அந்தக் கலவைதான் தடியடிக்கு முன்னால் கலையாமல் நின்றது.

வேறொரு கேள்வி இன்னும் கடுமையானது. இதே வளாகத்திலிருந்து டாடா ஆராய்ச்சி நிறுவனத்துக்கு 200 ஏக்கருக்கு மேல் போனபோது இந்த அளவு எதிர்ப்பு எழவில்லையே? அதுவும் பாறையும் புதருமான நிலம்தான். அறிவியல் ஆராய்ச்சிக்கு என்பதால் ஏற்றுக்கொண்டார்களா, இரவில் புல்டோசர் வராததால் உறைக்கவில்லையா? இரண்டுமே இருக்கலாம். மாணவர் மனப்பான்மை நிலையான ஒன்றாக இருப்பதில்லை. யார் கேட்கிறார்கள், எப்படி எடுக்கிறார்கள் என்பதைப் பார்த்து அது மாறுகிறது. நயமாக, கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தால் எதிர்ப்பு குறையும் என்ற பாடத்தை அடுத்த அரசாங்கம் இதிலிருந்து கற்றுக்கொள்ளவும் கூடும்.

வேலை பற்றிய கேள்வியையும் சுலபமாகத் தள்ள முடியாது. சாலையைத் தாண்டினால் கண்ணாடிக் கட்டடங்கள். படிப்பு முடிந்ததும் இதே மாணவர்களில் எத்தனையோ பேர் அங்கேதான் வேலை தேடிப் போவார்கள். அரசு அதைச் சுட்டிக்காட்டியது. ஹைதராபாத்தில் கட்டி முடித்துக் காலியாகக் கிடக்கும் அலுவலக இடங்கள் இருக்கும்போது இந்த 400 ஏக்கர் எதற்கு என்று எதிர்வாதம் வந்தது. ஐ.டி. வேண்டாம் என்று மாணவர்கள் சொல்லவில்லை; இங்கே வேண்டாம் என்றார்கள். என்னைப் பொறுத்தவரை அது நேர்மையான நிலைப்பாடு.

ஜிப்லி மயில்

போராட்டத்தின் பலவீனமான பகுதி ஒன்றும் உண்டு. அந்த வாரம் ஜப்பானின் ஜிப்லி அனிமேஷன் நிறுவனத்தின் பாணியில் படங்களை செயற்கை நுண்ணறிவு வழியாக உருவாக்கும் மோகம் உச்சத்தில் இருந்தது. மஷ்ரூம் ராக்கின் முன் புல்டோசர்கள் நிற்க, மானும் மயிலும் பார்த்துக்கொண்டிருப்பது போன்ற படம் எங்கும் சுற்றியது. அது ஓவியம் என்று பார்த்தாலே தெரியும். அதைப் பகிர்ந்ததற்காக மூத்த ஐஏஎஸ் அதிகாரி ஸ்மிதா சபர்வாலுக்கே போலீஸ் நோட்டீஸ் போனது. ஆனால் அதோடு சேர்ந்து, நிஜம் போலவே தோன்றும் போலிப் படங்களும் வீடியோக்களும் கிளம்பின. அரசு அவற்றைப் பிடித்துக்கொண்டது. மொத்தச் சர்ச்சையே செயற்கை நுண்ணறிவு உருவாக்கியதுதான் என்று முதலமைச்சர் தரப்பு வாதிட்டது.

கையில் உண்மையான காட்சிகள் வேண்டிய அளவு இருந்தன. நீதிமன்றப் பதிவாளரே கண்ணால் பார்த்து எழுதிய அறிக்கை இருந்தது. அப்படியிருக்க, தூரத்திலிருந்து அனுதாபப்பட்டவர்களுக்கு உண்மை போதவில்லை. பாறையில் ஏறி உட்கார்ந்தவர்கள் எடுத்த, சற்று மங்கலான, கை நடுங்கிய வீடியோவுக்கும், ஆயிரம் மைலுக்கு அப்பால் ஒருவர் விரல் தட்டி வரவழைத்த கண்ணீர் மானுக்கும் உள்ள வித்தியாசம் நான் முன்னால் சொன்ன இரண்டு வகை அக்கறைக்கும் உள்ள வித்தியாசம்தான். இரண்டாவது வகைக்குச் செலவில்லை. ஆனால் அது முதல் வகைக்குச் செலவு வைத்தது.

வென்ற வாதம்

நீதிமன்றத்தில் எது எடுபட்டது என்று பார்த்தால், மாணவர்கள் முதலில் உரக்கச் சொன்னது எடுபடவில்லை. நிலம் பல்கலைக்கழகத்துடையது என்று உச்ச நீதிமன்றம் சொல்லவில்லை. எடுபட்டது, இது காடு என்ற வாதம். 1996 டிசம்பர் 12-ஆம் தேதி கோதவர்மன் திருமுல்பாடு வழக்கில் வந்த தீர்ப்பு, பதிவேட்டில் என்ன எழுதியிருந்தாலும், யாருக்குச் சொந்தமானாலும், அகராதிப் பொருளில் காடாக இருப்பது காடுதான் என்றது. வன நிலங்களைக் கண்டறிய நிபுணர் குழுக்களை அமைக்க வேண்டும், தவறினால் தலைமைச் செயலாளர்களே பொறுப்பு என்று 2025 மார்ச் மாதத் தொடக்கத்தில்தான் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்குச் சொல்லியிருந்தது. தெலங்கானா மார்ச் 15-ஆம் தேதி குழுவையும் அமைத்தது. அந்தக் குழு வேலையை ஆரம்பிக்கும் முன்பே இங்கே மரம் சாய்ந்தது. அப்படி என்ன அவசரம் என்று நீதிபதிகள் கேட்டார்கள்.

வெட்டியவை பெரும்பாலும் சட்டத்தில் விலக்கு பெற்ற மர இனங்கள், தனி அனுமதி தேவையில்லை என்று அரசு சொல்லிப் பார்த்தது. ஏப்ரல் 16-ஆம் தேதி விசாரணையில் நீதிபதி கவாய், 100 ஏக்கரை மீட்கும் திட்டத்தோடு வாருங்கள், இல்லாவிட்டால் அந்த இடத்திலேயே தற்காலிகச் சிறை கட்டி அதிகாரிகளை அனுப்ப வேண்டியிருக்கும் என்று எச்சரித்தார். மே மாதம் அவர் தலைமை நீதிபதி ஆனார். அடுத்த நாளே நடந்த விசாரணையில், நீண்ட விடுமுறையைப் பயன்படுத்தி முன்கூட்டியே திட்டமிட்டுச் செய்ததாகத் தெரிகிறது என்றார். ஜூலையில், நிலைத்த வளர்ச்சிக்கு நானும் ஆதரவாளன்தான், அதற்காக ஒரே ராத்திரியில் முப்பது புல்டோசரை இறக்குவதா என்ற பொருளில் கேட்டார். ஆகஸ்டில், சுற்றுச்சூழலுக்கும் வளர்ச்சிக்கும் இடம் தரும் முழுமையான திட்டத்தைக் கொண்டுவர அரசுக்கு அவகாசம் கிடைத்தது.

இதற்கிடையே அரசு மூன்று அமைச்சர்கள் குழுவைப் போட்டது. மாணவர்கள் மேல் போட்ட வழக்குகளைத் திரும்பப் பெறச் சொல்லித் துணை முதலமைச்சர் பட்டி விக்ரமார்கா ஏப்ரல் இரண்டாம் வாரத்துக்குள் உத்தரவிட்டார். போலீஸ் கெடுபிடி மெல்லத் தளர்ந்தது. வகுப்புகள் தொடங்கின.

ஆக, 'எங்கள் நிலம்' என்ற கோபம் ஆட்களைத் திரட்டியது. 'இது காடு' என்ற ஆவணம் வழக்கைத் தாங்கியது. முதலாவது மட்டும் இருந்திருந்தால் சில நாட்களில் கேட்டில் கூட்டம் குறைந்திருக்கும். இரண்டாவது மட்டும் இருந்திருந்தால் விடுமுறை முடிந்து நீதிமன்றம் கதவைத் திறப்பதற்குள் 400 ஏக்கரும் சமமாகியிருக்கும். மாணவர்கள் தடுத்த அந்தச் சில நாட்களின் மதிப்பு, வெட்டப்படாமல் நின்ற மீதி 300 ஏக்கர்.

இனி இருப்பது காலக் கணக்கு. எம்.ஏ. இரண்டு ஆண்டு. 2025 மார்ச்சில் கேட்டில் உட்கார்ந்திருந்த முதலாம் ஆண்டு மாணவர் 2026 கோடையில் பெட்டியைக் கட்டியிருப்பார். ஆய்வு மாணவர் இன்னும் கொஞ்ச நாள் இருப்பார். மொட்டையடித்த 100 ஏக்கர் பழைய நிலைக்கு வரப் பல பத்தாண்டுகள் ஆகும். தக்காணத்துப் புதர்க்காடு மெதுவாகத்தான் வளரும். மாநில அரசு எங்கும் போகப் போவதில்லை, நிலத்தின் விலையும் இறங்கப் போவதில்லை. நிலம் இன்னும் பல்கலைக்கழகத்தின் பெயரில் எழுதப்படவில்லை. நிலத்தை எடுக்க அடுத்த முயற்சி வரும்போது அங்கே படித்துக்கொண்டிருக்கப் போகிறவர்கள் இப்போது ஏதோ ஒரு கல்லூரியில் ஈவிஎஸ் ரெக்கார்டு எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் உள்ளே வந்த முதல் மாதமே யாராவது அவர்களைக் காலை ஆறு மணிக்கு எழுப்பி, பீக்காக் லேக் பக்கம் கூட்டிக்கொண்டு போய், பறவைப் பட்டியலில் அன்றைய வரியை எழுத வைக்கிறார்களா என்பதைப் பொறுத்துத்தான் மீதிக் கதை.